மரத்தை அட்டவணையில் நட்டவர்கள்

தொண்ணூறுகளில் சென்னையிலோ கோவையிலோ பயிற்சி மையத்தில் பணம் கட்டி ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளைப் படித்தவர்களுக்குப் பதினான்கு பேரை மறந்திருக்காது. கிங், ஜோன்ஸ், பிளேக், கிளார்க், ஃபோர்டு, ஸ்மித், ஆடம்ஸ், மில்லர் என்று போகும் அந்தப் பட்டியல். உள்ளே நுழையப் பயனர் பெயர் ‘ஸ்காட்’, கடவுச்சொல் ‘டைகர்’. முதலாவது, அந்த நிறுவனத்தின் தொடக்ககாலப் பொறியாளர் புரூஸ் ஸ்காட்டின் பெயர். இரண்டாவது அவர் வீட்டுப் பூனையின் பெயர். அந்தப் பூனையின் பெயரைத் தட்டித் தட்டித்தான் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போனார்கள்.

அந்தப் பதினான்கு பேரும் இருந்தது ஊழியர் அட்டவணையில். ஆளுக்கொரு பதிவு; அதில் எண், பெயர், வேலை, சேர்ந்த தேதி, சம்பளம், துறை முதலியவை. இவற்றோடு மேலாளர் எண் என்று ஒரு புலம். ஸ்மித்தின் எண் 7369. அவருடைய மேலாளர் எண் 7902, அதாவது ஃபோர்டு. ஃபோர்டுக்கு மேலே 7566, ஜோன்ஸ். ஜோன்ஸுக்கு மேலே 7839, கிங். கிங்குக்கு மேலே யாருமில்லை, அந்தக் கட்டம் காலி. ஒரு நிறுவனத்தின் அதிகாரப் படிக்கட்டு முழுவதையும் அந்த ஒரே புலத்தில் மடித்து வைத்திருந்தார்கள்.

சில வாரம் கழித்து ஆசிரியர் ஒரு கணக்குக் கொடுப்பார். யாருக்குக் கீழே யார் என்று தெரியும்படி, படிக்குப் படி கொஞ்சம் உள்ளே தள்ளி, பதினான்கு பேரையும் அச்சிட வேண்டும். முதலில் கிங். அவருக்குக் கீழே ஜோன்ஸ். ஜோன்ஸின் ஆட்கள் எல்லாரும் முடிந்த பிறகே பிளேக். பள்ளிக்கூடப் பையன் பென்சிலால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுகிற படம் இது. ஆனால் பெயர்ப்படி அடுக்கினால் ஆடம்ஸ் மேலே வந்து உட்காருகிறார். சேர்ந்த தேதிப்படி அடுக்கினால் 1980 டிசம்பரில் சேர்ந்த எழுத்தர் ஸ்மித் முதலாவதாக நிற்க, 1981 நவம்பரில் சேர்ந்த தலைவர் கிங் எங்கோ பின்னால் கிடக்கிறார். எந்தப் புலத்தின்படி அடுக்கினாலும் மரம் கிடைப்பதில்லை. இந்தச் சின்னக் கணக்குக்கு எல்லாத் தரவுத்தளங்களிலும் செல்லுபடியாகும் ஒரு விடை வந்து சேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தத் தாமதத்தின் கதை, தகவலை நாம் எப்படி அடுக்கிவைக்கப் பழகினோம் என்பதன் கதையும்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் மரம்தான் இருந்தது. அட்டவணை பிறகு வந்தது. சந்திரனுக்கு ஆள் அனுப்பும் அப்போலோ திட்டத்தில் ஒவ்வொரு கருவியும் பல பாகங்களால் ஆனது, ஒவ்வொரு பாகமும் இன்னும் சிறிய பாகங்களால் ஆனது, கடைசியில் திருகாணி வரை இறங்கும் பட்டியல். அதைக் காகிதத்தில் வைத்துச் சமாளிக்க முடியாமல் ஐபிஎம், நார்த் அமெரிக்கன் ராக்வெல், கேட்டர்பில்லர் ஆகிய நிறுவனங்கள் கைகோத்து 1966இல் ஒரு மென்பொருளைக் கட்டத் தொடங்கின. 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் டௌனி நகரில், ராக்வெல்லின் விண்வெளிப் பிரிவில், முனையம் ஒன்றில் ‘ரெடி’ என்ற சொல் முதன்முறையாக வந்தது. அதுதான் ஐஎம்எஸ். அதற்குள் எல்லாமே மரம். தாய்ப் பதிவு, அதன் கீழே பிள்ளைப் பதிவுகள், அவற்றின் கீழே பேரப் பதிவுகள்.

நம் பயிற்சி மையத்துக் கணக்கு ஐஎம்எஸ்ஸில் கணக்கே அல்ல. பதிவுகள் சேமிக்கப்படுவதே அந்த வரிசையில்தான்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். நிரல் எழுதுபவர் ‘அடுத்ததைக் கொடு’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனால் போதும். மரம் தன் வரிசையில் தானாக உதிரும். வரிசை இலவசம்.

இலவசத்துக்கும் விலை இருந்தது. ‘இந்தக் கருவியில் என்னென்ன திருகாணிகள்?’ என்று கேட்டால் உடனே பதில். ‘இந்தத் திருகாணி எந்தெந்தக் கருவிகளில் இருக்கிறது?’ என்று தலைகீழாகக் கேட்டால் மரம் மரமாக ஏறி இறங்க வேண்டும், அல்லது அதற்கென்று தனி ஏற்பாடு முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும். மரத்தை வடிவமைத்தவர் எந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்தாரோ அதற்கு மட்டும் அது நல்ல மரம்.

இந்தக் குறையை அப்போதே பார்த்தவர்கள் இருந்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய சார்லஸ் பாக்மன், ஒரு பதிவுக்குப் பல தாய்கள் இருக்கலாம் என்று அனுமதித்து வலைப்பின்னலாகப் பதிவுகளைக் கோத்தார். 1973இல் டூரிங் விருது பெற்றபோது அவர் ஆற்றிய உரை கோபர்நிகஸை இழுத்துத் தொடங்குகிறது. கணினியைச் சுற்றித் தகவல் ஓடிய காலம் போய், தகவலைச் சுற்றி நிரலர் பயணம் செய்யும் காலம் வந்துவிட்டது என்பது அவர் கட்சி. நிரலரை அவர் மாலுமி என்றார். கடலின் வழிகள் அத்தனையும் மாலுமிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் அடங்கிக்கிடந்த நிபந்தனை.

அந்த நிபந்தனையை ஏற்காதவர் எட்கர் காட். 1923இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் பிறந்தவர். உலகப்போரில் விமானம் ஓட்டியவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்துவிட்டு அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தவர். சான் ஹோசே ஆய்வுக்கூடத்திலிருந்து 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையைத் தரவுத்தளக்காரர்கள் இன்றும் வேதம்போலச் சுட்டுகிறார்கள். சுட்டுகிற பலர் படித்ததில்லை என்பது என் சந்தேகம். படித்தவர்களுக்குத் தெரியும், அது மரத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கு. பாகங்கள், திட்டங்கள் என்ற இரண்டே சங்கதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றை மரமாகவும் வேறு விதமாகவும் ஐந்து வகையில் சேமிக்கலாம் என்று காட்டுகிறார். ஒரு வகையை நம்பி எழுதிய நிரல் மற்ற நான்கில் குறைந்தது மூன்றில் உடைந்துபோகும் என்று நிறுவுகிறார். குற்றப்பட்டியலில் இன்னொன்றும் உண்டு. பதிவுகள் கிடக்கும் வரிசையை நம்பி எழுதிய நிரல், அந்த வரிசை மாறிய அன்றைக்கே செயலிழக்கும்.

ஆகவே காட் வரிசையையே தூக்கி எறிந்தார். அவருடைய அட்டவணை கணிதத்தில் சொல்லும் கணம். அதில் முதல் பதிவு, கடைசிப் பதிவு என்ற பேச்சே இல்லை. மூட்டைக்குள் நெல்மணிகள் எந்த முறையில் கிடந்தால் என்ன? ஒரு பதிவுக்குள் இன்னொரு பட்டியலை ஒளித்துவைக்கவும் அனுமதி இல்லை. ஊழியரின் பிள்ளைகள் என்றால் பிள்ளைகளுக்குத் தனி அட்டவணை, அதில் ஊழியர் எண் ஒரு புலம். கிளையை வெட்டி, வேரின் பெயரைக் கிளையின்மீது எழுதி, எல்லாவற்றையும் தரையில் சமமாகப் பரப்பியாயிற்று. எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம். திருகாணியிலிருந்து கருவிக்கும் கருவியிலிருந்து திருகாணிக்கும் ஒரே தூரம்.

1974இல் ஆன் ஆர்பரில் காட், பாக்மன் இருவரின் தரப்பும் ஒரே மேடையில் மோதின. அதற்கு முன்பே காட்டின் பக்கம் சாய்ந்திருந்த ஐபிஎம்காரர் டான் சேம்பர்லின். பக்கம் பக்கமாக எழுத வேண்டிய நிரலைக் காட் ஒரே வரியில் முடித்துக் காட்டியதில் தாம் மயங்கியதை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட, தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழிதான் இன்றைய எஸ்க்யூஎல்லின் தாய். அந்தக் காலத்து மேடைகளில் அடிக்கடி வந்துபோன உதாரணக் கேள்வி: தன் மேலாளரைவிட அதிகம் சம்பளம் வாங்குபவர் யார்? நம் பதினான்கு பேரிடம் கேட்டால் இரண்டு பெயர் வரும், ஸ்காட்டும் ஃபோர்டும். இருவருக்கும் 3000, மேலாளர் ஜோன்ஸுக்கு 2975. மாதிரி அட்டவணையிலேயே ஒரு மனஸ்தாபத்தைப் பொதித்து வைத்தவர் யாரோ, ரசிகர்.

அந்தக் கேள்வியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது மரத்தில் ஒரே ஒரு படி ஏறுகிறது. மேலாளரின் மேலாளரைக் கேட்க வேண்டுமா, அட்டவணையை இன்னொரு முறை தன்னோடு இணைக்கலாம். மூன்று படியா, மூன்று முறை. எத்தனை படி என்று முன்கூட்டித் தெரியாவிட்டால்? 1979இல் ஆல்ஃபிரட் ஆஹோவும் ஜெஃப்ரி உல்மனும் இதற்குக் கணித ரீதியாகவே பதில் சொன்னார்கள்: காட் வகுத்த அட்டவணைக் கணிதத்தால் அது இயலாது. ‘இவருக்குக் கீழே, எத்தனை படி இறங்கினாலும், யார் யார்?’ என்பது அந்த மொழிக்குள் சொல்லவே முடியாத வாக்கியம். தரையில் பரப்பியபோது தொலைந்தவை இரண்டு என்று இப்போது தெரிந்தது. ஆழம் ஒன்று, வரிசை மற்றொன்று. இந்தத் துறையினர் ஆழத்தைத் தேடி முப்பது வருடம் அலைந்தார்கள். வரிசையைத் தொலைத்தோம் என்பதே பலருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

ஆரக்கிள்காரர்கள் இந்தக் கணித நிரூபணத்தைக் கேட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. எண்பதுகளிலேயே ‘கனெக்ட் பை’ என்று ஒரு தனிச் சொற்றொடரைச் சேர்த்துவிட்டார்கள். எங்கே தொடங்க வேண்டும், எந்தப் புலம் எந்தப் புலத்தைப் பிடித்து இறங்க வேண்டும் என்று சொன்னால் போதும், கிங்கிலிருந்து கிளை கிளையாக இறங்கிவரும். பயிற்சி மையத்து விடை அதுதான். மற்ற பெரும்பாலான இடங்களில் அது செல்லாது. மற்ற தரவுத்தளங்களில் வேலை செய்தவர்கள் வெறும் அட்டவணையையும் வெறும் எண்களையும் வைத்துக்கொண்டு குறுக்குவழி தேடினார்கள். பஞ்சகாலத்து வீட்டுச் சமையலைப் போல, இல்லாமையில் பிறந்த சாமர்த்தியம் அது. சில குறுக்குவழிகள் அசல் கலை.

ஜோ செல்கோ பரப்பிய முறையை முதலில் சொல்ல வேண்டும். மைக்கேல் கம்ஃபோனாஸ் 1992இலேயே இதைப்பற்றி எழுதியிருந்தார். செல்கோ தன் பத்திகளிலும், 2004இல் இதற்கென்றே வந்த புத்தகத்திலும் இதை ஊரறியச் செய்தார். அரசமரத்தைச் சுற்றுவதுபோல மரத்தைக் கையால் தொட்டபடியே ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொருவரையும் முதலில் தொடும்போது ஓர் எண், அவர் கிளை முழுவதையும் முடித்துவிட்டு விலகும்போது இன்னோர் எண். கிங்கைத் தொடும்போது 1. பதினான்கு பேருக்கும் இரண்டிரண்டு எண் போய், கிங்கை விட்டு விலகும்போது 28. ஜோன்ஸுக்கு 2, 11 என்று விழுந்தால், 2க்கும் 11க்கும் இடைப்பட்ட எண்காரர்கள் எல்லாரும் ஜோன்ஸின் ஆட்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கக்கூட வேண்டாம். 11இலிருந்து 2ஐயும் ஒன்றையும் கழித்து இரண்டால் வகுத்தால் நான்கு. ஸ்காட், ஆடம்ஸ், ஃபோர்டு, ஸ்மித், சரிதான். முதல் எண்ணின்படி அடுக்கினால் மரம் அதன் வரிசையில் அப்படியே வந்து நிற்கும். ஐஎம்எஸ் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த வரிசையை இரண்டு எண்களுக்குள் அடைத்து அட்டவணைக்குத் திருப்பிக் கொண்டுவந்த முறை இது.

பார்க்க அழகு, பராமரிக்கக் கஷ்டம். ஜோன்ஸுக்குக் கீழே புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அவருக்குப் பின்னால் வரும் எண்கள் அத்தனையையும் இரண்டிரண்டாகத் தள்ள வேண்டும். பதினான்கு பேருக்கு அது ஒன்றுமில்லை. லட்சம் பொருட்கள் உள்ள ஒரு கடையின் வகைப்பட்டியலில், பத்துப் பேர் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருக்கையில், அது விபத்தை வரவேற்பது. ஓர் எண் பிசகினால் மரம் எங்கே முறிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது; ஏனென்றால் ‘ஸ்மித்துக்கு மேல் ஃபோர்டு’ என்ற எளிய செய்தி அங்கே எங்கும் எழுதப்பட்டிருக்காது.

இன்னொரு குறுக்குவழி, ஒவ்வொரு மூத்தோர்–சந்ததி ஜோடியையும் தனி அட்டவணையில் எழுதிவைப்பது. தன்னையும் சேர்த்துக்கொண்டால் நம் பதினான்கு பேருக்கு 39 பதிவுகள் ஆகும். யாருக்குக் கீழே யார் என்ற கேள்விக்கு மின்னல் வேகத்தில் பதில் வரும். வரிசை மட்டும் வராது.

மூன்றாவது முறைக்குத்தான் நீண்ட வம்சாவளி உண்டு. வேரிலிருந்து தன்வரை உள்ள வழி முழுவதையும் ஒவ்வொரு பதிவிலும் எழுதிவைப்பது. ஸ்மித்துக்கு 7839/7566/7902/7369. இதைக் கணினிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. மெல்வில் டூயி 1876இல் நூலக அலமாரிக்குச் செய்ததும் இதேதான். 500 அறிவியல், 510 கணிதம், 516 வடிவியல். எண்ணை வரிசைப்படுத்தினால் புத்தகங்கள் மரத்தின் வரிசையில் நிற்கும். அலமாரிதான் தரவுத்தளம், நூலக உதவியாளரின் கால்கள்தான் வினவல்.

டூயியின் மரத்தில் இரண்டு கோளாறுகள் இருந்தன. இரண்டும் பின்னாளில் தரவுத்தளத்திலும் தலைதூக்கின. முதலாவது, மரம் வைத்தவரின் கண்ணோட்டம் மரத்திலேயே தங்கிவிடுவது. சமயத்துக்கு ஒதுக்கிய 200களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போக, உலகின் ஏனைய சமயங்கள் எல்லாம் 290க்குள் நெருக்கி அடித்துக்கொண்டன. இந்து சமயத்துக்குக் கிடைத்த இடம் 294.5. இரண்டாவது, ஒரு தாய்க்கு ஒன்பது பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இடமில்லாமை. பத்தாவது பிள்ளைக்கு ஈரிலக்கம் கொடுத்தால் வரிசை குலைந்துவிடும். கைபேசியில் பாட்டுக் கோப்புகள் 1, 10, 11, 2 என்று நிற்பதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தியத் தபால் துறை 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு கொண்டுவந்தபோது இதைச் சுலபமாகத் தவிர்த்தது: எல்லாருக்கும் ஆறே இலக்கம், ஒவ்வொரு படிக்கும் இத்தனை இலக்கம் என்று கறார். ஊர்கள் அப்படி அடங்கிவிடும். அறிவுத்துறைகள் அடங்குமா?

இங்கேதான் நம்மவர் ஒருவர் வருகிறார். 1892இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அதே ஆண்டில் நூலகக் கலை பயில லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். துளையிட்ட சில தகடுகள், சில திருகாணிகள். அவற்றைக்கொண்டு எத்தனை விதமான பொம்மை வேண்டுமானாலும் பூட்டலாம். ஒரு நூலின் பொருளையும் அப்படியே துண்டு துண்டான முகங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டியபடி முக்காற்புள்ளியால் பூட்டலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 1933இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை அதன் விளைவு. எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே ஒரே மரத்தில் இடம் ஒதுக்காதே, பண்புகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு கேட்கும்போது கோத்துக்கொள் என்று காட் 1970இல் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இருவரும் கணிதக்காரர்கள். ஒருவரை ஒருவர் படித்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரே சுவரில் இருவரும் முட்டிக்கொண்டார்கள் என்பதே போதும்.

ரங்கநாதனிடம் நான் இதைவிட அதிகம் ரசிப்பது ஒரு சின்னத் தந்திரத்தை. பத்தாவது பிள்ளை பிரச்சினைக்கு அவர் செய்த வைத்தியம் அது. ஒன்று முதல் எட்டு வரை மட்டுமே பிள்ளைகளுக்கு. ஒன்பதுக்குத் தனியாகப் பொருளில்லை. ‘இன்னும் இருக்கிறது, பின்னால் வா’ என்று கை காட்டும் வேலை மட்டும் அதற்கு. எட்டுக்குப் பிறகு 91, 92 என்று 98 வரை. பிறகு 991, 992. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாலும் 8க்குப் பின்தான் 91 வரும், 98க்குப் பின்தான் 991 வரும். வரிசை எங்கும் குலையாது, பிள்ளைகளுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை. எட்டின் முறை என்று பெயர். எண்களுக்கு முன்னால் சுழியங்களை நிரப்பி, ‘001, 002’ என்று ஒப்பேற்றிவிட்டு, ஆயிரமாவது பிள்ளை வந்த அன்று திகைத்து நின்ற நிரலர்கள் எத்தனையோ பேர். பதில் சேப்பாக்கத்து நூலகத்தில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது.

எஸ்க்யூஎல் மொழியின் குறையே தீர்ந்தது 1999இல். அந்த ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை, தன்னைத் தானே அழைக்கும் வினவலை அனுமதித்தது. கிங்கை எடு, எடுத்தவர்களுக்குக் கீழே உள்ளவர்களை எடு, புதிதாக யாராவது வந்துகொண்டிருக்கும்வரை இதையே திரும்பச் செய். இவ்வளவுதான் அது. தரநிலையில் எழுதுவது ஒன்று, மென்பொருளில் வருவது வேறு. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 2005இல் வந்தது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஆரக்கிளிலும் 2009இல். கைபேசிகளுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட்டில் 2014இல். மலிவு விலை வலைத்தளங்களின் முதுகெலும்பாக இருந்த மைஎஸ்க்யூஎல்லில் 2018இல். காட்டின் கட்டுரைக்கும் இதற்கும் நாற்பத்தெட்டு ஆண்டு. அந்த இடைவெளியில் எழுதப்பட்ட இரட்டை எண் அட்டவணைகளும் வழி எழுதிய அட்டவணைகளும் இன்றும் பல நிறுவனங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏன் அப்படி எழுதினார்கள் என்று இப்போது சேரும் இளைஞர்கள் தலையைச் சொறிகிறார்கள். மொழியில் அன்று வார்த்தை இல்லை, அதனால்தான்.

ஆழம் கிடைத்தது. வரிசை? தன்னைத் தானே அழைக்கும் வினவல் படி படியாக இறங்குகிறது. முதலில் கிங், பிறகு மூன்று மேலாளர்களும், பிறகு அவர்களுக்குக் கீழே உள்ள எல்லாரும். பந்தியில் தலைமுறை தலைமுறையாக உட்காரவைத்ததுபோல. ஜோன்ஸையும் அவர் ஆட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால், இறங்கும்போதே வழியை எழுதிக்கொண்டு வந்து கடைசியில் அந்த வழியின்படி அடுக்க வேண்டும். டூயியும் ரங்கநாதனும் மறுபடி உள்ளே வருகிறார்கள். தரநிலையிலேயே ‘முதலில் ஆழம்’ என்று கேட்க ஒரு சொற்றொடர் உண்டு. போஸ்ட்கிரெஸ் அதை ஏற்றது 2021இல். ஆரக்கிள் தன் பழைய வழியில் ‘உடன்பிறந்தாரை இப்படி அடுக்கு’ என்ற சொற்றொடரை 2001இலேயே சேர்த்திருந்தது.

உடன்பிறந்தாரை எப்படி அடுக்குவது? கல்யாணப் பத்திரிகை அடித்த எந்தக் குடும்பத்துக்கும் இதன் கனம் தெரியும். யார் யாருக்குப் பிள்ளை என்பதில் தகராறு வராது; சித்தப்பா பெயர் முன்னாலா, மாமா பெயர் முன்னாலா என்பதில்தான் வரும். வயது, ஊர், செய்த செலவு, பழைய கோபம் எல்லாம் சேர்ந்து தீர்மானித்த வரிசை அது. வேறெந்தத் தகவலிலிருந்தும் அதைக் கணக்கிட்டு எடுக்க முடியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும். மரத்தின் தாய்–பிள்ளை உறவு ஒரு தகவல் என்றால், உடன்பிறந்தாரின் வரிசை அதற்குச் சமமான இன்னொரு தகவல். ஐஎம்எஸ் காலத்தில் அது சேமிப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் தகவலாக மதிக்கவில்லை. காட் அதைப் பிரித்தெடுத்தபோது, வரிசை வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல் என்று நம்மைக் கட்டாயப்படுத்தினார். நாம் சொல்லாமல் விட்டுவிட்டு அட்டவணையைக் குறை சொன்னோம்.

குடும்பம் என்றதும் இன்னொன்று. வம்சாவளியை நாம் மரம் என்கிறோம், அது மரமே அல்ல. ஒவ்வொருவருக்கும் தாய் தந்தை என்று இரண்டு மேலாளர். அத்தை மகனுக்கு மாமன் மகளைக் கட்டிவைத்தால் இரண்டு கிளைகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறக்கும் குழந்தைக்கு ஒரே கொள்ளுத்தாத்தா இரண்டு வழியில் வருவார். வழி எழுதும் முறையும் இரட்டை எண் முறையும் அந்த வீட்டு வாசலிலேயே திரும்பிப் போய்விடும். பாகங்கள் பட்டியலும் அப்படியே, ஒரே திருகாணி நூறு கருவிகளில். கொடுமை அதற்கு மேலும் உண்டு. தவறுதலாக ஒருவருக்கு மேலாளராக அவருடைய ஆளையே பதிந்துவிட்டால் வினவல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆரக்கிளில் இதற்கென்றே 1436 என்ற எண்ணில் ஒரு பிழைச் செய்தி உண்டு. பெரிய நிறுவனங்களின் ஊழியர் அட்டவணையைத் துழாவிய யாரும் அதை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயிற்சி மையத்து அட்டவணை செய்தது சரி. தாய் எண் என்ற ஒற்றைப் புலம்தான் உண்மை. ஒருவரை இடம் மாற்ற ஒரே ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும், பிழை நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். இரட்டை எண்களும் வழிகளும் ஜோடி அட்டவணைகளும் அந்த உண்மையின் நகல்கள். வேகம் வேண்டுமானால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம், மூலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதிகம் மாறாத பட்டியலுக்கு, உதாரணமாக நூலகப் பகுப்புக்கு, இரட்டை எண் பொருந்தும். நாளுக்கு நாள் ஆள் மாறும் அலுவலகத்துக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரு புலத்துக்குள் போட்டுவிடும் இன்றைய ஜேசன் மோகத்தைப் பார்க்கும்போது, ஐஎம்எஸ்ஸின் பேரன் வீடு திரும்பியதுபோலத்தான் இருக்கிறது. திருகாணி எங்கே என்று அவனிடமும் தலைகீழாகக் கேட்டுப் பாருங்கள்.

பாட்டன் இன்னும் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டௌனியில் ‘ரெடி’ சொன்ன மென்பொருளின் வாரிசு இன்றும் வங்கிகளில் ஓடுகிறது, ‘அடுத்ததைக் கொடு’ என்ற கட்டளைக்கு இன்றும் பதில் சொல்கிறது.

இந்த வாரம் எங்காவது ஓர் அட்டவணையில் தாய் எண் என்று ஒரு புலம் வைக்கப்போகிறீர்கள் என்றால், அதன் பக்கத்திலேயே உடன்பிறந்தார் வரிசைக்கும் ஒரு புலம் வைத்துவிடுங்கள். அந்தப் பதினான்கு பேரின் அட்டவணையில் எட்டுப் புலங்கள் இருந்தன. அந்த ஒன்று இல்லை.